கிரீன் டீயும் வாயில் தோன்றும் வெள்ளைத் திட்டும்: ஓர் ஆய்வை வகுப்பறையில் படித்தல்

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலை உச்சியிலிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கி, மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் நுழையும் இடம் லோயர் கேம்ப். குமுளி மலைப்பாதை இங்கிருந்துதான் ஏறத் தொடங்குகிறது. கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகள் விடியற்காலையிலேயே இந்த வழியாக வரிசை கட்டிச் செல்லும். அவற்றில் போகும் பலரது மடியில் வெற்றிலை பாக்கும் புகையிலையும் இருக்கும். மலைக்குளிரிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுப்பவர்களுக்கு அதுதான் துணை என்பார்கள். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் கணிசமானோர் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

அப்படி ஒரு மாணவியின் பாட்டி பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது என்னிடம் கேட்டார்: "சார், கிரீன் டீ குடிச்சா வாயில இருக்கிற வெள்ளை போயிருமாமே? பேத்தி போன்ல காட்டுச்சு." குமுளிக் கடைகளில் ஏலம், மிளகோடு கிரீன் டீயும் அடுக்கி வைத்திருக்கிறார்கள்; வாங்குவது எளிது. பாட்டிக்குக் கன்னத்தின் உட்புறத்தில் சில மாதங்களாக ஒரு வெள்ளைத் திட்டு. வலி இல்லையாம். வலி இல்லாததால்தான் மருத்துவரிடம் போகவில்லை.

அவரை அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். ஆனால் அவருடைய கேள்வி வெறும் புரளி என்று ஒதுக்கக்கூடியதன்று. கிரீன் டீயை இதற்காக உண்மையாகவே சோதித்திருக்கிறார்கள். அந்தச் சோதனை என்ன காட்டியது, எதைக் காட்டவில்லை என்பதை ஆசிரியர்களாகிய நாம் தெரிந்துகொண்டால் பெற்றோருக்கும் பதில் சொல்லலாம், அறிவியல் பாடத்துக்கும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கும்.

திட்டு என்பது என்ன?

கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம் ஆகிய இடங்களில் தேய்த்தாலும் போகாத வெண்மையான படலம் தோன்றுவதை மருத்துவர்கள் லூக்கோபிளேக்கியா என்கிறார்கள். புகையிலையோ பாக்கோ அடிக்கடி உரசும் இடத்தில் வாயின் மேற்தோல் தடித்துப்போவதே பெரும்பாலும் இப்படித் தெரிகிறது. இது புற்றுநோய் அன்று. பெரும்பாலான திட்டுகள் புற்றாக மாறுவதும் இல்லை. ஆனால் சில மாறுகின்றன. எது மாறும் என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் தேவைப்பட்டால் சிறு துண்டு சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெள்ளையைவிடச் சிவப்புத் திட்டு ஆபத்தானது. பாக்கு மட்டுமே மெல்பவர்களுக்கு வேறொன்றும் வரும்: வாய்க்குள் தசைநார்கள் இறுகி, நாளடைவில் வாயை முழுதாகத் திறக்கவே முடியாமல் போகும். 'புகையிலை போடுறதில்ல சார், வெறும் பாக்குதான்' என்று சமாதானம் சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது.

2020-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி அந்த ஓராண்டில் உதடு, வாய்ப் புற்று புதிதாக வந்தவர்கள் ஏறத்தாழ 3,78,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 1,36,000 பேர் இந்தியர்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

ஹூஸ்டனில் நடந்த சோதனை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் 2002 முதல் 2008 வரை நோயாளிகளைச் சேர்த்து இந்தச் சோதனையை நடத்தினார்கள். முடிவுகள் 2009-இல் வெளியாயின. புற்றாக மாறும் வாய்ப்பு அதிகமுள்ள வாய்த் திட்டுகள் கொண்ட 41 பேர் சேர்ந்தார்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். மூன்று குழுக்களுக்குக் கிரீன் டீ சாறு அடங்கிய மாத்திரை, மூன்று வெவ்வேறு அளவுகளில். நான்காம் குழுவுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. நாளுக்கு மூன்று வேளை, 12 வாரம்.

முடிவை மதிப்பிட முடிந்தது 39 பேரிடம். சாறு எடுத்த 28 பேரில் 14 பேருக்குத் திட்டு சுருங்கியது அல்லது மறைந்தது. போலி மாத்திரை எடுத்த 11 பேரில் 2 பேருக்கு அப்படி ஆனது. அதாவது 50 சதவீதம், எதிரே 18 சதவீதம். அளவு கூடக்கூடப் பலனும் கூடியது: குறைந்த அளவு எடுத்தவர்களில் 36 சதவீதம், கூடிய இரண்டு அளவுகளையும் எடுத்தவர்களில் 59 சதவீதம்.

கைப்பேசியில் சுற்றும் செய்திகள் வழக்கமாக இந்த இடத்தோடு நின்றுவிடும். நாம் மேலே போவோம்.

39 துண்டுச் சீட்டுகள்

50-க்கும் 18-க்கும் உள்ள இடைவெளி பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஆட்கள் குறைவு. குலுக்கலில் தற்செயலாகக்கூட இப்படி விழுந்திருக்கலாம் அல்லவா? இதைச் சூத்திரம் எதுவும் இல்லாமல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே சோதிக்கலாம். நான் செய்து பார்த்த முறை இது. ஒரு பாடவேளை போதும்.

ஒவ்வொரு குழுவும் 39 துண்டுச் சீட்டுகள் வெட்டட்டும். 16 சீட்டுகளில் சரிக்குறி போடட்டும்; இவை திட்டு சுருங்கிய 16 பேர் (14-உம் 2-உம்). மீதி 23 வெற்றுச் சீட்டு. எல்லாவற்றையும் மடித்து ஒரு டப்பாவில் குலுக்கி, கண்ணை மூடி 11 சீட்டுகள் எடுக்க வேண்டும். அந்த 11-தான் போலி மாத்திரைக் குழு. அதில் எத்தனை சரிக்குறி வந்தது என்று எழுதிக்கொண்டு, சீட்டுகளைத் திரும்பப் போட்டு மறுபடி குலுக்க வேண்டும். பத்துக் குழுக்கள் பத்துப் பத்து முறை செய்தால் 100 முறை ஆகிவிடும்.

இங்கே மாத்திரைக்கு வேலையே இல்லை, எல்லாம் குலுக்கல்தான். அப்படியிருந்தும் சில முறை 2 அல்லது அதற்கும் குறைவான சரிக்குறிகள் வரும். கணக்குப்படி 100-க்கு 7 முறை அளவில். எதிர்ப்பக்கமாக, அதாவது போலி மாத்திரைக் குழுவுக்கே 8-உம் அதற்கு மேலும் சரிக்குறி விழுவதையும் சேர்த்தால் 100-க்கு 9 அளவில் வரும். ஹூஸ்டன் ஆய்வாளர்கள் தந்த எண்ணும் இதுவே: 0.09. மருந்துக்கு எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இவ்வளவு இடைவெளி தற்செயலாகத் தோன்ற 100-க்கு 9 வாய்ப்பு. வழக்கமாக 100-க்கு 5-க்குக் கீழே இருந்தால்தான் ஆய்வாளர்கள் ஓரளவு நம்புவார்கள். அளவுவாரியாகப் பார்த்தபோது மட்டும் அது 3 ஆக இறங்கியது. ஆக, 'நம்பிக்கை தருகிறது, உறுதி இல்லை' என்பதே நேர்மையான வாசிப்பு. அவர்களும் பெரிய சோதனை தேவை என்றுதான் எழுதினார்கள்.

சீட்டு எடுக்கும்போது ஒரு பையனின் கையில் ஒரே ஒரு சரிக்குறி வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். நிகழ்தகவு பாடத்தை அன்றைக்கு மேல் விளக்கத் தேவைப்படவில்லை.

சுருங்குவதும் தடுப்பதும் ஒன்றா?

இதைவிட முக்கியமானது இன்னொன்று. ஆய்வாளர்கள் திட்டு சுருங்கியதோடு விடாமல் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேரை 27 மாதங்களுக்கும் மேல் பின்தொடர்ந்திருந்த நிலையில், மொத்தம் 15 பேருக்கு வாய்ப் புற்று வந்திருந்தது. சாறு எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. திட்டு சுருங்குவது ஒன்று. புற்று வராமல் இருப்பது வேறொன்று. பாட்டி கேட்டது முதலாவது. அவருக்கு வேண்டியது இரண்டாவது.

இந்த வேறுபாட்டை நமக்கு மிக நன்றாகக் கற்றுத் தரும் ஆய்வுகள் ஹூஸ்டனில் நடந்தவை அல்ல, நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நடந்தவை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் மீனவ சமூகத்தைச் சேர்ந்த 160 பேரிடம் ஒரு சோதனை செய்து 1997-இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு வைட்டமின் ஏ, ஒரு குழுவுக்குக் கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின், ஒரு குழுவுக்குப் போலி மாத்திரை, ஓராண்டுக்கு. வைட்டமின் ஏ எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்கும் திட்டு முழுதாக மறைந்தது. போலி மாத்திரைக் குழுவில் 10 சதவீதம். கிரீன் டீ சோதனையைவிடத் தெளிவான வெற்றி. ஆனால் மாத்திரையை நிறுத்தியதும் வைட்டமின் ஏ குழுவில் குணமானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும், பீட்டா கரோட்டின் குழுவில் பாதிப் பேருக்கும் திட்டு திரும்பி வந்துவிட்டது.

அப்படியானால் விடாமல் சாப்பிட்டுக்கொண்டே இருக்கலாமே என்று ஒரு மாணவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டோருக்குப் பல ஆண்டுகள் பீட்டா கரோட்டின் உள்ளிட்ட மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. காய்கறியில் இருக்கும் பொருள்தான், இயற்கையானதுதான். செறிவாக்கி மாத்திரையாகப் புகைபிடிப்பவருக்குக் கொடுத்தபோது கெடுதலாகிவிட்டது.

மஞ்சளையும் சோதித்திருக்கிறார்கள். கொச்சி, திருவனந்தபுரம், பெங்களூரு மருத்துவமனைகளில் 223 பேரிடம் ஆறு மாதம் நடந்த சோதனை அது, 2016-இல் வெளியானது. மஞ்சளின் சாரமான குர்குமின் நாளுக்கு 3.6 கிராம் எடுத்தவர்களில் 67.5 சதவீதத்தினருக்குத் திட்டு குறைந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களில்? 55.3 சதவீதம். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். மருந்தே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டுப் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திட்டு குறைந்திருக்கிறது. திட்டுகள் தாமாகவும் கூடும், குறையும். ஒப்பிட இரண்டாவது குழு இல்லாமல் 'எங்க அத்தைக்கு மஞ்சள் வெச்சுச் சரியாச்சு' என்பது ஏன் சான்றாகாது என்பதற்கு இதைவிட நல்ல எண் கிடைக்காது. ஒளிச்சேர்க்கைப் பரிசோதனையில் இலையின் ஒரு பகுதியை மட்டும் கறுப்புத்தாளால் மூடுகிறோமே, மூடாத பகுதி எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் இங்கே கொண்டுவந்து சேர்க்கலாம்.

தேயிலையைப் பற்றிக் கொஞ்சம்

கிரீன் டீயும் நம் டீக்கடைத் தூளும் ஒரே செடியின் இலைதான். மலையேறினால் வண்டிப்பெரியாறு பக்கம் தோட்டம் தோட்டமாக நிற்பது அந்தச் செடிதான். பறித்த இலையை உடனே ஆவியிலோ சூட்டிலோ வாட்டினால் அதிலுள்ள நொதி செயலிழந்து, கேட்டக்கின் என்ற பொருள்கள் அப்படியே தங்கும். அது கிரீன் டீ. இலையைக் கசக்கிக் காற்றோடு வினைபுரிய விட்டால் கேட்டக்கின்கள் பெரும்பகுதி வேறு பொருள்களாக மாறிச் சிவப்பும் துவர்ப்பும் வரும். அது கறுப்புத் தேயிலை. வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பதும் இதே வகை வினை. செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதைக் கேட்டக்கின்கள் தடுக்கக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியதால்தான் மனிதரிடம் சோதிக்கும் எண்ணமே வந்தது. சீனாவில் 1999-இல் வெளியான ஒரு சோதனையிலும், கலப்புத் தேயிலையை உள்ளுக்கும் கொடுத்துத் திட்டின் மேலும் தடவியபோது 29 பேரில் 11 பேருக்குத் திட்டு சிறுத்தது; ஒப்பீட்டுக் குழுவில் 30 பேரில் 3 பேருக்கு.

ஹூஸ்டன் சோதனையில் மிகக் கூடிய அளவு, உடல் மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் வேளைக்கு 1,000 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு 1.6 சதுர மீட்டர் என்று வைத்தால் நாளுக்குக் கிட்டத்தட்ட 5 கிராம் சாறு. கோப்பையில் முக்கியெடுக்கும் டீ வேறு, இந்தச் செறிவான சாறு வேறு. கூடிய அளவில் சிலருக்குத் தூக்கமின்மை, வயிற்றுப்போக்கு வந்தன. கிரீன் டீ மாத்திரைகளில் உள்ள முதன்மைக் கேட்டக்கின் நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. கடையில் மாத்திரையாக வாங்கிப் போடுவதை யாருக்கும் பரிந்துரைக்கக் கூடாது.

டீயாகக் குடிப்பதில் தவறில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதைச் சொல்லிவிடுங்கள். இரத்தசோகை உள்ள தாய்மாரும் வளரிளம் பெண்களும் நம்மிடம் அதிகம். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் நல்லதன்று. 65 டிகிரி செல்சியசுக்கு மேலான சூட்டில் எந்தப் பானத்தையும் வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றை உண்டாக்கக்கூடும் என்று 2016-இல் மேற்சொன்ன முகமை அறிவித்தது.

உண்மையில் பலன் தந்தவை

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் எர்ணாகுளம், பாவ்நகர், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் புகையிலைப் பழக்கமுள்ள 36,000 பேரை 1970-களின் பிற்பகுதியிலிருந்து பின்தொடர்ந்தார்கள். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், படம் காட்டினார்கள், வானொலியிலும் செய்தித்தாளிலும் சொன்னார்கள். புகையிலையை விட்டவர்களிடம் புதிதாகத் திட்டு தோன்றுவது வெகுவாகக் குறைந்தது. பேச்சு என்ற ஒன்றை வைத்தே இதைச் சாதித்திருக்கிறார்கள். பேசுவதுதானே நம் தொழிலும்.

இரண்டாவது, திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் 1996-இல் தொடங்கிய சோதனை. ஏழு பஞ்சாயத்துகளில் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள், ஆறில் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற, மருத்துவம் அல்லாத பாடங்களில் பட்டம் பெற்றவர்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2005-இல் வந்த முடிவு: புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் ஏற்படும் இறப்பு 34 சதவீதம் குறைவு. இது பலரிடம் முறையாகச் செய்து பெற்ற பலன். நாம் பள்ளியில் யாருடைய வாயையும் பரிசோதிக்க வேண்டியதில்லை, அது நம் வேலையும் இல்லை. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்க்கச் சொல்லலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தேய்த்தும் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைதல், இவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையில் பல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லலாம். வீட்டில் தாத்தா, பாட்டியிடம் இதைச் சொல்லுமாறு பிள்ளைகளிடம் சொன்னால், நாம் நேரில் சொல்வதைவிட வேகமாகப் போய்ச் சேர்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. பெரியவர்களின் வெற்றிலைப் பெட்டியைவிட, உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கும் சிறு புகையிலைப் பொட்டலமும் இனிப்புப் பாக்கும்தான் இப்போது மேல்வகுப்பு மாணவரிடம் வருகின்றன. புத்தகப் பையைச் சோதிப்பதால் மட்டும் இது நிற்பதில்லை. எங்கே கிடைக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தலைமையாசிரியர் வழியாகப் புகார் எழுதலாம். விட விரும்பும் பெற்றோருக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். அதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

39 சீட்டுகளை வெட்டுவதற்குப் பழைய நாட்காட்டித் தாள் போதும். எழுத்து வெளியே தெரியாமல் இரண்டாக மடியுங்கள். ஒரே தாளில் வெட்டினால்தான் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கும் சில பிள்ளைகள் முயல்வார்கள். அப்போது, ஹூஸ்டனில் போலி மாத்திரையையும் உண்மை மாத்திரையைப் போலவே ஏன் செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.